பதின்மூன்றாவது கோடு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில், கீழ்த்தட்டில், பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று நிற்கிறது. ஒரு லிட்டர் பிடிக்கும். அதில் இருப்பது கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுகிற டெவலப்பர். பாட்டிலின் வயிற்றில் ‘குடிக்காதே’ என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டிய அன்று என் மனைவி நின்று படித்துவிட்டுச் சொன்னாள்:

“மூணு பாஷையில எழுதியிருக்கீங்க. பெங்காலியில இல்லையே. பக்கத்து வீட்டு தீதி குடிச்சா பரவாயில்லையா?”

மறுநாள் அந்த தீதியிடமே கேட்டு நாலாவது மொழியிலும் எழுதினேன். இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அத்தனை மொழிகளில் எச்சரிக்கை எழுதத் தெரிந்த நான், அந்தப் பாட்டிலால் செய்த ஒரு காரியத்தை ஒரு மொழியிலும் யாரிடமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து இருபத்து நாலு வயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நாலு வருடம் கட்டட வரைபடங்கள் போட்டேன். ஓய்வு பெற்றபின் கராச்சர்மாவில் இரண்டு அறை வீடு. எண்ணுவது என் வியாதி. பஸ்ஸில் ஏறினால் சீட்டுகளை எண்ணுவேன். தண்ணீர் வரும் நாளில் தெருவில் எத்தனை வாளி வரிசையில் நிற்கிறது என்று எண்ணுவேன். சாப்பிடும்போது மனைவி எத்தனை முறை எழுந்து போனாள் என்பதையும் எண்ணியிருக்கிறேன். எண்ணினேனே தவிர ஒரு முறையும் நான் எழுந்து போனதில்லை.

டெவலப்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பொடியாக ஒரு பாக்கெட்டில் வரும். வெந்நீரில் கரைத்தால் ஒரு லிட்டர் மருந்து. ஒரு லிட்டரில் நாலைந்து ரோல் கழுவலாம் என்று கூட வரும் தாளில் போட்டிருக்கும். ஒரு ரோல் கழுவிய மருந்தைக் கொட்டாமல் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றி, அடுத்த ரோலுக்குக் கொஞ்சம் நேரத்தைக் கூட்டிக் கழுவினால் இன்னும் சில ரோல்கள் வரும். நான் எட்டு வரை போவேன். ஒவ்வொரு ரோலுக்கும் பாட்டிலின் கழுத்தில் ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரியில் பேனாவால் ஒரு கோடு. மருந்துக்கு எதிரி காற்றும் வெப்பமும். இந்த ஊரில் வெப்பத்துக்குக் குறைவில்லை, அதனால் ஃபிரிட்ஜ். உள்ளே தள்ளினால் அதிகம் குளிர்ந்து அடியில் உப்புப் போலப் படிந்துவிடும், அதனால் கதவுத்தட்டு. காற்றை வெளியேற்ற கோலிக்குண்டு. கொஞ்சம் மருந்து குறைந்தால் அந்த அளவுக்கு கோலிக்குண்டுகளைக் கழுவிப் போட்டு, மட்டத்தைக் கழுத்து வரை ஏற்றி மூடிவிடுவேன். பஜாரில் மொத்தம் அறுபது வாங்கினேன். ஒன்று எங்கோ உருண்டு போய், ஐம்பத்தொன்பது இருக்கிறது.

இத்தனை சிக்கனம் எதற்கென்றால், அந்தப் பாக்கெட் இங்கே கிடைக்காது. பொடி என்றதும் கூரியர்காரர் பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விமானத்தில் வருகிறவர்களிடம் கேட்கலாம்தான். ஆனால் ஒரு பை வெள்ளைப் பொடியை வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் விளக்கம் சொல்ல யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே மேன்லேண்டுக்குப் போய்க் கப்பலில் திரும்புகிற யாராவது கொண்டுவர வேண்டும். கப்பலும் சொன்ன நாளில் புறப்படுவதில்லை. நான் சொல்லும் சமயத்தில் என்னிடம் ஒரே ஒரு பாக்கெட் இருந்தது. அதை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஈரம் இழுக்க அரிசி போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

நாங்கள் உறுப்பினராக இருக்கும் தமிழர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு இந்த வருடம் ஒரு யோசனை வந்தது. யோசனைக்காரர் சங்கச் செயலாளர், பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நாங்கள் இட்லித்தட்டு வாங்கப் போயிருந்தபோது, தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சார், இந்த வருஷம் ஹால் சுவத்துல படம் மாட்டுவோம். போன்ல எடுத்தது வேணாம். ஒவ்வொருத்தன் போன்லயும் ரெண்டாயிரம் கெடக்கு, மாட்டுனா ஷாதிபூர் ஏரியா முழுக்கச் சுவரு எழுப்பணும். பிலிம்ல எடுத்தது மட்டும். டிரங்குல கெடக்குற பழைய படமும் வரட்டும், நீங்க புதுசா எடுக்குறதும் வரட்டும்.”

“வீட்டுக்கு ஒரு படமா?” என்றேன்.

“ஆளுக்கு ஒண்ணு சார்.”

திரும்பி வரும் பஸ்ஸில் இட்லித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி கொஞ்ச நேரம் வெளியே பார்த்திருந்தாள். பிறகு கேட்டாள்:

“ஆளுக்கு ஒண்ணுன்னுதானே பாய் சொன்னாரு?”

“ஆமா.”

“நானும் ஒரு ஆளுதானே?”

கல்யாணமாகி நாற்பத்து நாலு வருடத்தில் அவள் என் கேமராவின் பொத்தானை அழுத்தியது மூன்று முறை. மூன்றிலும் நான் நின்றுகொண்டு, இப்போது அழுத்து என்றேன், அழுத்தினாள். என்னிடம் இரண்டு கேமரா உண்டு. சின்னதைக் கொடுத்தேன். புது ரோல் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன். இதைத் தாராளம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் உள்ளே போகும் நேரத்தைக் குறிக்கும் டயலை வெயிலில் எங்கே வைக்க வேண்டும், நிழலில் எங்கே என்று நாற்பது நிமிடம் பாடம் நடத்தினேன். அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு படம் எடுத்தாள். வீட்டுக்குள் இருந்தபடியே எனக்கு ‘டக்’ சத்தம் கேட்கும். ஒரு நாள் கொல்லையிலிருந்து சத்தம் வந்ததும் நான் உள்ளிருந்து, “பதினெட்டு!” என்று கத்தினேன்.

“என்ன, கிரிக்கெட் ஸ்கோரா?” என்றாள். “எண்ணாம இருங்க, கை நடுங்குது.”

கடைசி ஒன்பது படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டூர் கடற்கரையில் எடுத்து முடித்தாள். நானும் பெரிய கேமராவோடு போயிருந்தேன். படகுத்துறையில் சுருட்டிப் போட்ட கயிறு ஒன்றைக் குனிந்தும் உட்கார்ந்தும் எடுத்தேன். சங்கத்துக்கு இதுதான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். அவள் எதை எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி, “ஒரு படமாச்சும் நல்லா வந்திருக்கும்ல?” என்று இரண்டு முறை கேட்டாள். “ஒண்ணு போதும். ஒண்ணுதானே மாட்டப் போறாங்க.”

ஆக என் கையில் இரண்டு ரோல். ஃபிரிட்ஜில் ஒரு பாட்டில், டப்பாவில் ஒரு பாக்கெட்.

பாட்டிலில் பன்னிரண்டு கோடு இருந்தது. எட்டில் நிறுத்த வேண்டியவன், கப்பல் வரவில்லை, கப்பல் வரவில்லை என்று பன்னிரண்டு வரை இழுத்திருந்தேன். மருந்து டீ நிறத்துக்கு வந்திருந்தது. பன்னிரண்டாவது ரோல் வெளுத்துத்தான் வந்தது. அது தொட்டிச் செடிகளை எடுத்த ரோல், போகட்டும் என்று விட்டேன். புதுப் பாக்கெட்டைக் கரைத்தால் இரண்டு ரோலையும் அதிலேயே கழுவியிருக்கலாம். ஒரு லிட்டருக்கு இரண்டு ரோல் பெரிய சுமையே இல்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் புது மருந்தில் முதல் ரோல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. பழையதைக் கொட்டவும் மனம் வரவில்லை. இன்னும் ஒன்று தாங்கும், அவளுடைய ரோல்தானே, பழகுகிற கைதானே, பாதி எப்படியும் வீணாகத்தான் போயிருக்கும். திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே இப்படிக் கணக்குப் போட்டேன்.

மருந்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கழுவுவதற்கு முன் பிலிமின் வால்பக்கம் இரண்டு விரற்கடை நீளம் வெட்டுவோம். அந்தத் துண்டை வெளிச்சத்திலேயே மருந்தில் போட்டால், மருந்து நன்றாக இருந்தால் மூன்று நிமிடத்தில் கரியாகக் கறுத்துவிடும். கறுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான். அவள் ரோலிலிருந்து வெட்டிய துண்டு என் கையில் இருந்தது. போட்டுப் பார்க்கவில்லை. மறந்து போகவில்லை, கறுக்காமல் போய்விடுமோ என்றுதான் போடவில்லை. கறுக்காவிட்டால் பாக்கெட்டை உடைக்க வேண்டிவரும். துண்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு, பிலிமைச் சுருட்டிக் கழுவும் டேங்கில் ஏற்றினேன். நேரத்தை இரண்டு மடங்காக்கினேன். நிமிடத்துக்கு நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். குறைவைக்காமல் எண்ணினேன்.

படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரிலிருந்து எடுத்து, மழைத்தண்ணீரில் அலசி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். சாம்பல் நிறக் கண்ணாடித்தாள் போல இருந்தது. உற்றுப் பார்த்தால் ஏதோ உருவங்கள் புகை போலத் தெரிந்தன. நான் உருவங்களைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தேன்.

பிலிமின் ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள் உண்டு. அதைத் தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்துத்தான் அனுப்புகிறார்கள். படம் எடுக்கிறவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழுவும்போது அது கறுப்பாக எழும். படம் வெளுத்து எண் கறுத்திருந்தால், எடுத்தவர் தவறு. படமும் எண்ணும் சேர்ந்து வெளுத்திருந்தால், கழுவியவர் தவறு. அவளுடைய பிலிமில் ‘பதினேழு’ எங்கே என்று நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுத் தேட வேண்டியிருந்தது.

கதவுக்கு வெளியே அவள் நிற்பது தெரிந்தது.

“வந்துருச்சா?”

“வரல.”

“எதுவுமேவா?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல நான்கு சொல் போதும். மருந்து செத்துப்போச்சு, என் தப்பு. நான் கேட்டது வேறு.

“டயலை எங்க வெச்சிருந்த?”

“நீங்க சொன்ன எடத்துலதான். நூத்தி இருபத்தஞ்சு.”

“ஐநூறுக்கு நகர்ந்திருக்கும். கை பட்டிருக்கும். வெளிச்சமே உள்ள போகல.”

அவள் தன் வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சோறு வடிக்கப் போய்விட்டாள்.

பிளாஸ்திரியில் பதின்மூன்றாவது கோட்டைப் போட்டேன். பழக்கம். பிறகு மருந்தைக் கொட்டினேன்.

புதன்கிழமை டப்பாவைத் திறந்து பாக்கெட்டைக் கரைத்தேன். ஸ்பூன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

“என்ன, புதுசா?”

“பழசு தீந்துருச்சு.”

“எப்ப?”

“உன் ரோலுக்கு அப்புறம்.”

தண்ணீர் போலத் தெளிந்த அந்த மருந்தில் என் ரோலைக் கழுவினேன். கயிற்றின் ஒவ்வொரு நாரும் தனித்தனியாக வந்தது. எண்கள் முப்பத்தாறும் தார் போலக் கறுத்து நின்றன.

விழாவன்று ஹால் சுவரில் நாற்பத்தொரு படங்கள். என் கயிறு நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே. ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டிருந்தேன். எங்களோடு எப்போதும் உட்காரும் டீச்சரம்மா ஒருவர் சுவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் மனைவியிடம் வந்தார்.

“அக்கா, நீங்களும் எடுக்குறீங்கன்னு பாய் சொன்னாரே. எங்க உங்க படம்?”

“எங்க,” என்று அவள் சிரித்தாள். “எனக்கு டயல் திருப்பத் தெரியல. ஐநூறுல வெச்சுட்டேன். முப்பத்தாறும் கராப் ஆயி வீணாப் போச்சு.”

சுற்றி நின்ற ஆறு பேர் சிரித்தார்கள். செயலாளர், “பரவாயில்லக்கா, சாருக்கு ஒரு காம்பெடிஷன் வர இருந்துச்சு, தப்பிச்சுட்டாரு,” என்றார். மறுபடி சிரித்தார்கள். ஏழாவது ஆளாக நானும் சிரித்தேன்.

பொய் சொன்னதைக்கூட எப்படியாவது எனக்கு நானே விளக்கிக்கொள்ள முடிகிறது. அந்தச் சிரிப்பை விளக்க முடியவில்லை. என் பொய்யை அவள் தன் வாயால் சொன்னாள், தன் தவறென்றே நம்பிச் சொன்னாள், நான் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சில நாள் குளிக்கும்போது அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்டு, ‘சே’ என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். “யாரைங்க திட்டுறீங்க?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். “சோப்பு வழுக்கிருச்சு,” என்பேன்.

மூன்று வாரம் கழித்து அவள் வந்து கேட்டாள்:

“அந்தக் கெட்டுப்போன பிலிம் இருக்கா? பாகற்கொடியைக் கட்டணும். சணல் ஊறி அறுந்துபோகுது.”

உடனே எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய ரோல், ஆறாறு படமாக வெட்டிய ஆறு துண்டுகள். போதுமா என்று கேட்டு, வேண்டாமென்று ஒதுக்கியிருந்த என் துண்டுகள் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். சாட்சி தானாகப் பாகற்கொடிக்குப் போகிறது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அங்கேதான் கோட்டைவிட்டேன். பிறகு அவளே சொன்னாள். பிலிம் துண்டு ஒன்றைத் தொட்டால்கூடக் கையைக் கழுவினாயா என்று கேட்கிற மனுஷன், கேட்ட மாத்திரத்தில் ஒன்பது துண்டு எடுத்துக் கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அன்று மதியம் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

“இங்க கொஞ்சம் வாங்க.”

துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், தேய்க்கக் கொண்டுவந்த தோசைக்கல். இரும்புக் கல், இருபது வருட எண்ணெய் ஏறிக் கன்னங்கரேலென்று இருக்கும். அதன் மேல் என் துண்டு ஒன்றும் அவள் துண்டு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

“உங்க பிலிம்ல இந்த நம்பரெல்லாம் கறுப்பா இருக்கு,” என்றாள்.

“ஆமா.”

“என் பிலிம்ல இருக்கற எடமே தெரியல.”

அவள் துண்டின் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினாள்.

“இந்த நம்பரையும் நானா எடுத்தேன்?”

பக்கத்து வீட்டில் தீதி மீன் கழுவும் சத்தம் கேட்டது. நான் பாகற்கொடியில் பூக்களை எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டாகவும் இருக்கலாம், ஒன்று இலைக்குப் பின்னால் இருந்தது.

“கேட்டா பதில் சொல்லுங்க.”

“அது பேக்டரியில போடறது.”

“அப்ப டயலுக்கும் அதுக்கும்?”

“சம்பந்தமில்ல.”

“அப்ப மருந்துதான் சரியில்ல.”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் போட்டீங்களா?”

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தோசைக்கல்லை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

“இதைப் பாருங்க. வெயில் சாஞ்சு விழற மாதிரி.”

குனிந்து பார்த்தேன். மெலிந்துபோன நெகட்டிவைக் கறுப்பின் மேல் வைத்துச் சரிவாகப் பார்த்தால், வெளுப்பும் கறுப்பும் மாறி, படம் நேர்ப்படமாகத் தெரியும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவள் படத்தை அப்படிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் தெரு. தண்ணீர் வரும் நாள். குழாயடியிலிருந்து வாளியும் டிரம்முமாக வரிசை, ஒன்பது. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில், யாரோ தன் இடத்துக்காக விட்டுப்போன ஒரு ஜோடி செருப்பு மட்டும் வரிசையில் நிற்கிறது. செருப்பின் நிழல் நீளமாக, ஒரு ஆள் நிற்பது போலவே விழுந்திருந்தது. அந்த வரிசையை நான் வாரத்துக்கு மூன்று நாள் எண்ணுகிறேன். செருப்பை வாளிக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அதை இப்படிப் பார்த்ததில்லை.

“இதுதான் மாட்டணும்னு வெச்சிருந்தேன்,” என்றாள். “நிழல் வர்ற வரைக்கும் அரை மணி நேரம் நின்னேன். செருப்புக்காரம்மா வந்து எடுத்துருவாளோன்னு வேற பயம்.”

மற்றத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துக் காட்டினாள். வண்டூர்ப் படங்களில் நான்கில் நான் இருந்தேன். நான்கிலும் முதுகு.

“திரும்புவீங்க திரும்புவீங்கன்னு நாலு வீணாப் போச்சு. அந்தக் கயித்துல அப்படி என்ன இருந்துச்சு?”

சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கக் கூடாது என்று தெரிந்தது.

“நான் என் வாயால சொன்னேன், எனக்கு டயல் திருப்பத் தெரியலன்னு. அத்தனை பேர் நடுவுல. நீங்களும் உங்க வாயால சொல்லணும். அதே ஹால்ல.”

“சொல்றேன்.”

“நான் காதால கேக்கற மாதிரி.”

சங்கக் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். செயலாளர் எல்லாம் முடித்துவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டபோது எழுந்தேன். மனைவி பெண்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். “அன்று விழாவில் என் மனைவியின் படம் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி,” என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அடுத்த வாக்கியத்தில் டெவலப்பர் என்றால் என்ன என்று விளக்க வேண்டிவந்தது. அதிலிருந்து காற்று பட்டால் என்ன ஆகும், வெப்பம் என்ன செய்யும், கோலிக்குண்டு எதற்கு, எத்தனை ரோலுக்கு எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று பதினோரு நிமிடம் போயிற்று. முடிவில், “ஆகவே மருந்து வலுவிழந்திருந்தது, அதுதான் காரணம்,” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள்.

“மாஷா அல்லா, சார் தலைக்குள்ள ஒரு லேப்பே இருக்கு,” என்றார் செயலாளர். “ஒரு நாள் பிள்ளைகளுக்கு கிளாஸ் எடுக்கணும் சார்.”

என் மனைவி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ் ஜங்கிலிகாட் ஸ்டாப்பைத் தாண்டியது. பிறகு, முன்சீட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“மருந்து வீக்கா இருந்துச்சுன்னு சொன்னீங்க. யாரு வீக்குன்னு சொல்லலையே.”

“அடுத்த மாசம் சொல்றேன்.”

“வேணாம். மறுபடியும் கை தட்டுவாங்க.”

அடுத்த வாரம் அவள் தனியாக பஸ் பிடித்து பஜாருக்குப் போய், செருப்புப் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தாள். அந்த மெலிந்த நெகட்டிவிலிருந்து கம்ப்யூட்டரில் இழுத்து எடுத்திருந்தார்கள். படம் முழுக்க மணல் தூவியது போல இருந்தது. செருப்பு தெரிந்தது. நிழல் பாதிதான் தெரிந்தது. அரை மணி நேரம் நின்று காத்திருந்த நிழல். அதை அடுப்படியில், மசாலா டப்பாக்களுக்கு மேலே செலோடேப்பால் ஒட்டினாள். நான் தண்ணீர் குடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால்தான் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை.

வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். இதுவரை எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“பதினோரு நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. பதினஞ்சு இருக்கும்.”

“பதினொண்ணுதான். வாட்ச் பார்த்தேன்.”

“அதையும் பார்த்தீங்களா?” என்றாள். கண்ணைத் திறந்து, “பாய்கிட்ட இதுல ஒரு காப்பி குடுங்க. டீச்சருக்கு ஒண்ணு,” என்றாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமென்றுதான் சொல்வாள், நாற்பத்து நாலு வருடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

போன கப்பலில் பழைய அலுவலக நண்பர் ஒருவர் எனக்கு ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். அதை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். “இதை உன் ரோலுக்குத்தான் உடைக்கணும். கரைக்கும்போது நீ பக்கத்துல நிக்கணும்,” என்றேன். அவள் அதை ரவை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். சின்னக் கேமராவில் புது ரோல் போட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். எடு என்று சொல்லவில்லை. சொல்லும் உரிமை இல்லை என்று தோன்றியது. கேமராவின் தலையில் எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் சின்ன எண்வட்டம் உண்டு. அதைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட ஒரே பொருளாக அது இருக்கட்டும்.

ஐந்து வாரம் பார்க்காமல் இருந்தேன். நேற்று அவள் தீதி வீட்டுக்குப் போயிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு அந்த எண்வட்டத்தைப் பார்த்தேன்.

அவள் ஒரு படமும் எடுக்கவில்லை.